உச்சிமாகாளியின் முதுகு சொன்னது

மலையடிவாரத்துச் செங்குளம் பேருந்துப் பணிமனையில் மூட்டுகள் பேசத் தொடங்கியது ஓர் ஆடி மாதம், மேற்கேயிருந்து இறங்கிய காற்று பணிமனையின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில். முதன்முதலில் பேசியது மலை பஸ் டிரைவர் உச்சிமாகாளியின் இடது முழங்கால்.

உச்சிமாகாளி ஐம்பதைத் தாண்டியவர். செங்குளத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் பஸ்ஸை, மழையிலும் மூடுபனியிலும், யானை மறிக்கும் நாளிலும் மறிக்காத நாளிலும், கொண்டை ஊசி வளைவுகளில் ஒடித்து ஒடித்து ஓட்டி, அவருடைய முதுகின் கீழ்ப்பாதி கல்லாகிப் போயிருந்தது. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ரத்தக் கொதிப்பும் ஏறியிருக்கிறது, கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு உச்சிமாகாளிக்குக் கோபம் வந்தது. ராத்திரியில் புரண்டு படுக்க முடியாது, காலையில் குனிய முடியாது. மனைவி பேச்சியம்மாள்தான் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து அவர் செருப்பின் வாரை மாட்டிவிடுவாள், அவர் அவள் தலைக்கு மேலே மலையைப் பார்த்தபடி நிற்பார். ஐப்பசியில் மருத்துவக் குழு வரப்போகிறது என்றும், உட்காரத் தகுதியில்லாத முதுகுகளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பணிமனையின் கேட் வாசலில் காவலுக்கு நிறுத்திவிடுவார்கள் என்றும் பணிமனையில் பேச்சு இருந்தது. வண்டி ஓட்டுவதைத் தவிர தனக்கு வேறொன்றும் தெரியாது என்பது உச்சிமாகாளிக்குத் தெரியும்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஞானதிரவியம். இருவரும் பல வருஷமாக ஒரே வண்டி, ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. நிறுத்த ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில், அவ்வளவுதான். பல வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில், தோட்டத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது. ஞானதிரவியம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து கட்டையோடு குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் அதைக் கொடுத்தார். பஸ் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது, அவருடைய இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. பிறகு விசாரணை நடந்தது. கிளம்பும்முன் டிரைவர் பிரேக்கைப் பார்த்தாரா என்று கேட்டார்கள். "பாக்கல" என்றார் ஞானதிரவியம், ஏனென்றால் உச்சிமாகாளி பார்க்கவில்லை. உச்சிமாகாளியை சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பி வேலைக்கு வந்தவர் ஞானதிரவியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, அன்றிலிருந்து அவர்களுக்குள் விசில் மட்டும்தான்.

பணிமனையில் பாதிப்பேர் இடுப்புப் பிடித்தும் கழுத்துப் பிடித்தும் விடுப்பில் கிடந்ததால், மேலாளர் துரைக்கண்ணு அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லி யோகா டீச்சரை வரவழைத்தார். டீச்சர் பெயர் மரகதவல்லி. முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் ஹெல்மெட்டும் முதுகில் சுருட்டிய பாயுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கிரீஸ் படிந்த ஷெட்டின் தரையில் தார்ப்பாயும் அதன்மேல் பழைய தேர்தல் பேனர்களும் விரிக்கப்பட்டன. தலைவர்களின் சிரிப்பின்மேல் காக்கி பேன்ட்டுகள் கூச்சத்தோடு உட்கார்ந்தன. "யாரும் யாரையும் பாக்க வேண்டாம், அண்ணாச்சிமாரே. மூச்சை மட்டும் பாருங்க. வலிக்கிற இடத்துல நிறுத்திக்கிடணும், வீராப்பு வேண்டாம்" என்றார் டீச்சர். உச்சிமாகாளியிடம் தனியாக வந்து, "உங்களுக்கு முன்னால குனியுற ஆசனம் எதுவும் கிடையாது. மல்லாந்து படுங்க, ஒரு முழங்காலை மட்டும் மெதுவா மடக்குங்க, போதும்" என்றார்.

உச்சிமாகாளி மடக்கினார், மூச்சை விட்டார். அப்போது அவருடைய இடது முழங்கால், ஷெட்டிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்தப் பொங்கலுக்கு எனக்குத்தான் லீவு தந்திருக்கணும்" என்றது.

அது உச்சிமாகாளியின் குரல்தான், ஆனால் இப்போதைய குரல் இல்லை, முப்பது வயதுக் குரல், அந்தச் சொல்லை விழுங்கிய வயதின் குரல். ஷெட்டில் யாரும் எழுந்து ஓடவில்லை. பக்கத்துப் பேனரில் படுத்திருந்த மெக்கானிக் சிந்தா மதார் தலையைத் திருப்பி, "கிளட்ச் மிதிக்கிற காலுல்லா, பேசத்தான் செய்யும்" என்றார். டீச்சர் குனிந்து முழங்காலைப் பார்த்துவிட்டு, "வர்றது வரட்டும் அண்ணாச்சி, மூச்சை விடுங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்றைக்கும் ஒரு விளக்கமும் சொன்னதில்லை. வகுப்பு முடிந்து எழுந்தபோது, அந்த முழங்காலில் வழக்கமாகக் குத்தும் குத்தல் இல்லை என்பதை உச்சிமாகாளி கவனித்தார், யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் பணிமனை முழுவதும் பேசத் தொடங்கியது. தோள்கள் பேசின, கணுக்கால்கள் பேசின, தாடை இறுகியவர்களின் தாடைகள் பேசின. சொல்லாமல் விழுங்கியதெல்லாம் எங்கெங்கே போய் உட்கார்ந்திருந்ததோ அங்கங்கேயிருந்து எழுந்து வந்தது. டைம்கீப்பரின் கழுத்து, மேலாளர் துரைக்கண்ணு பக்கத்திலேயே படுத்திருக்க, "இந்த ஆளுக்கு ஒரு எழவும் தெரியாது" என்றது. ஷெட்டில் மூச்சு நின்றது. துரைக்கண்ணு கண்ணை மூடியபடி தன் கைகளை மேலே நீட்டினார், அவருடைய வலது தோள் மெல்லிய குரலில், "எனக்கு ஒண்ணும் தெரியல, எப்ப மாட்டிக்கிடுவேன்னு இருக்கு" என்றது. அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒன்றாகப் போய்த் தேநீர் குடித்தார்கள், பிறகு தினமும் குடித்தார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் அதற்கு ஒரு முறை வேண்டும் என்று பணிமனைக்குத் தோன்றியது. எதிலும் ஒத்துப்போகாத சங்கங்கள் எல்லாம் கேன்டீனில் கூடி, மூட்டு சொன்னதை வைத்து யார் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது, மூட்டு சொன்னதை வாய் வெளியே போய்ச் சொல்லக் கூடாது, மூட்டு பேசும்போது எதிர்த்துப் பேசக் கூடாது என்று முடிவுசெய்தன. ஒரு டிரைவரின் இடுப்பு கெட்ட வார்த்தைகளாகவே பேசியதால் அவருக்கு மட்டும் ஷெட்டின் கோடியில், கம்ப்ரஸர் ஓடும் இடத்தில், பாய் போட்டார்கள். எல்லாம் கொட்டித் தீர்ந்தபின் அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தார். ஊரிலிருந்து பெண்கள் வந்து கேட்டார்கள், உங்களுக்கு மட்டும்தானா என்று. டீச்சர் சாயங்காலங்களில் கல்யாண மண்டபத்தில் அவர்களுக்கும் வகுப்பு எடுத்தார். பெண்களின் தோள்கள் ஆண்களின் தோள்களைவிட நெடுநேரம் பேசின, மாமியார்களும் மருமகள்களும் வேறு வேறு மூலையில் படுத்துக்கொண்டு ஒருவர் தோள் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டார்கள், மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கத் தயங்கி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாளையும் கூப்பிட்டார்கள். "எனக்கு எங்க வலிக்குது, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவள் போகவில்லை.

பேசி முடித்த உடம்புகள் லேசாயின. தூக்க மாத்திரை இல்லாமல் தூங்காதவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பெஞ்சிலேயே தூங்கினார்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டே மாடி ஏறியவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். நெஞ்செரிச்சல்காரர்கள் மிளகாய் பஜ்ஜி தின்று பார்த்தார்கள். செங்குளம் பஸ்கள் முன்னைப்போல் ஹாரன் அடிப்பதில்லை என்று வழியிலுள்ள ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். டீச்சர் மட்டும், "மாத்திரையை நீங்களா நிறுத்தப்படாது, டாக்டர்ட்ட காட்டுங்க, அவரு குறைப்பாரு" என்று தினமும் கத்திக்கொண்டிருந்தார். அப்படியே காட்டிய சிலருக்கு டாக்டரும் பிரஷரை மறுபடி மறுபடி பார்த்துவிட்டுக் குறைத்தார்.

உச்சிமாகாளியும் லேசாகிக்கொண்டுதான் வந்தார். முழங்கால் பேசியது, தோள் பேசியது, மணிக்கட்டுகூட ஒருநாள் பேசியது. புரட்டாசியில் ஒருநாள் விடிந்ததும் அவர் வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மறுகால்மேல் வைத்து, தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டார். பேச்சியம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் முதுகின் கீழ்ப்பாதி மட்டும் வாய் திறக்கவில்லை. பூனையைப்போல் வளைத்துப் பார்த்தார், பாம்பைப்போல் தலையைத் தூக்கிப் பார்த்தார், அது பேசவில்லை. பேசாததால் இளகவில்லை. மருத்துவக் குழுவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள என்ன கிடக்குன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று பணிமனையில் பேசிக்கொண்டார்கள். ஞானதிரவியத்துக்கு அவர் வைத்திருக்கும் வசவுதான் அது, அத்தனை வருஷத்து வசவு, வந்தால் தகரக் கூரை நிற்காது என்றார்கள். அது ஞானதிரவியத்தின் காதுக்கும் போனது. அவர் ஒருநாளும் வகுப்புக்கு வந்ததில்லை. அவருக்கு முதுகுவலி இல்லை, ஆனால் இறக்கத்தில் பஸ் திரும்பும்போதெல்லாம் நெஞ்சு இறுகும், உள்ளங்கை வேர்த்து டிக்கெட்டுகள் ஒட்டிக்கொள்ளும். இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

சிந்தா மதார் டீக்கடையில் அவரைப் பிடித்தார்.

"ஏம்வே, நாளைக்கு நீரு ஷெட்டுக்கு வாரும்."

"எதுக்கு? திட்டு வாங்கவா?"

"ஆமா. வாங்கிட்டாத்தான் என்ன? அந்தாளு முதுகு உமக்காகத்தான் வாயை மூடிட்டுக் கிடக்கு. கேக்க வேண்டிய ஆளு இல்லாம அது யார்ட்ட பேசும்?"

ஞானதிரவியம் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கிளாஸை வைத்துவிட்டு, "அவரு வேலை போயிரும்னு சொல்லுதாவளே, நெசந்தானா?" என்று கேட்டார்.

"இறக்கிருவாவ. கேட்டு காவலுதான்."

மறுநாள் காலை, முதல் பஸ் கிளம்ப நேரமிருக்கும்போது, ஞானதிரவியம் தோளில் தோல்பையோடு ஷெட்டுக்குள் வந்தார். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல் மூச்சு விட்டார்கள். டீச்சர் அவரை உச்சிமாகாளியின் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார், ஏனென்றால் அந்த இடம்தான் காலியாக இருந்தது. உச்சிமாகாளி கவிழ்ந்து படுத்திருந்தார். முதலை கரையில் கிடப்பதுபோல் கைகளை மடக்கி அவற்றின்மேல் கன்னத்தை வைத்து ஒன்றும் செய்யாமல் கிடக்கும் மகராசனம் அது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் என்று காலடிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. உடம்பு விறைத்தது.

"வயிறு தரையைத் தொடட்டும், தரை உங்களைத் தாங்கிக்கிடும், நீங்க ஒண்ணையும் தாங்க வேண்டாம், மூச்சை விடுங்க" என்றார் டீச்சர். உச்சிமாகாளி விட்டார். இன்னொரு முறை விட்டார். இன்னும் ஒரு முறை விட்டபோது, பாறை உருளுவதுபோல் ஒரு சத்தம் அவர் முதுகிலிருந்து எழுந்தது. எழுந்து, இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கார்த்திகை மழையில் நனைந்த ஒரு குரல் பேசியது.

"ஏ ஞானம்," என்றது. "நீ அன்னைக்குக் குதிக்கலன்னா எம்பிள்ளையளுக்கு அப்பன் இல்லடே."

சிந்தா மதார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதுகு நிறுத்தவில்லை. "உன் கையைப் பாக்க முடியலடே எனக்கு. பாத்தா உன் கால்ல விழணும், விழுந்தா பிரேக்கைப் பாக்காம வண்டிய எடுத்தவன் நான்தான்னு ஆயிரும், அதனால கோவிச்சுக்கிட்டேன். கோவம் சுளுவா இருந்துச்சு. எம்மவ கல்யாணத்துல உன்னைத் தேடுனேன், கூப்பிடாம எப்படி வருவ? பேரன் பிறந்தப்போ உன்கிட்ட காட்டணும்னு இருந்துச்சு." அது நிறுத்தாமல், அன்றைக்கு பஸ்ஸிலிருந்த தோட்டத்து ஜனங்களையும், வயிற்றுப் பிள்ளையோடு முன்சீட்டில் இருந்த பெண்ணையும், அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போக அதே பஸ்ஸில் ஏறுவதையும், ஏறும்போதெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதையும் சொன்னது; சஸ்பெண்ட் ஆகி வீட்டிலிருந்த நாட்களில் அரிசி பருப்பைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனது யாரென்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னது. சொல்லச் சொல்ல உச்சிமாகாளியின் முதுகு மழையில் கரையும் மண்ணைப்போல் இளகித் தரையில் இறங்கியது. முதல் பஸ்ஸுக்கு வந்த பயணிகள் ஷெட்டின் வாசலில் கூடி நின்றார்கள், நேரமாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

உச்சிமாகாளி முகத்தைத் தூக்கவில்லை. அவருடைய முகத்துக்குக் கீழிருந்த பேனரில் ஒரு தலைவரின் நெற்றி நனைந்துகொண்டிருந்தது.

டீச்சர் ஞானதிரவியத்தைப் பார்த்து, "நீங்களும் மூச்சை விடுங்க அண்ணாச்சி" என்றார். சம்மணமிட்டிருந்த ஞானதிரவியம் நிமிர்ந்து, நெஞ்சு நிறைய இழுத்து, மெல்ல விட்டார். அவருடைய விலாவுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல், "எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி" என்றது. "ஒவ்வொரு இறக்கத்துலயும் பயமா இருக்கு. வேற வண்டி கேட்டு வாங்கியிருக்கலாம். நீங்க தனியா இறங்கணுமேன்னுதான் கேக்கல."

அதற்குப் பதில் முதுகு சொல்லவில்லை. உச்சிமாகாளியே எழுந்து உட்கார்ந்து, வாயால் சொன்னார். "நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் சேந்து பிரேக் பாப்பம். நீ சொல்லு, நான் எடுக்கேன்." பிறகு கையை நீட்டி ஞானதிரவியத்தின் இடது கையை எடுத்து, நசுங்கிய விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்து, அத்தனை வருஷமும் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்.

செங்குளத்தில் யாருக்கும் வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்கிற பழக்கமில்லை, அந்த வார்த்தை மேடையில் பொன்னாடை போர்த்தும்போது வருவது. முதுகு பேசிய அன்றைக்குப் பிறகு ஊருக்கு ஒன்று புரிந்தது. வசவெல்லாம் மேலே மேலே கிடக்கிறது, முழங்காலிலும் கழுத்திலும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது, அடியில், ஆழத்தில், எலும்பை ஒட்டிக் கிடப்பது நன்றிதான். அதை எடுக்கத்தான் இத்தனை மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஜனங்கள் கூச்சத்தோடு வாயால் சொல்லிப் பழகினார்கள். ஒருவன் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று, "நீதான் என்னைப் படிக்க வச்ச" என்று சொல்லிவிட்டு உள்ளே போகாமல் திரும்பி ஓடினான். ஒரு மருமகள் சோறு பரிமாறும்போது மாமியாரிடம் சொன்னாள், மாமியார் புரையேறித் தண்ணீர் குடித்தாள். வாய் சொல்லத் தொடங்கியதும் மூட்டுகளுக்கு வேலை குறைந்தது. ஐப்பசியில் ஷெட்டில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது, ஆனாலும் யாரும் வகுப்பை விடவில்லை.

மருத்துவக் குழு வந்தது. உச்சிமாகாளியைக் குனியச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், நெடுநேரம் உட்காரச் சொன்னார்கள். டிஸ்க் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள சதை அதைத் தாங்கப் பழகிவிட்டது, வண்டி ஓட்டலாம், செய்துகொண்டிருப்பதை விட்டுவிடாதீர்கள் என்றார்கள். உச்சிமாகாளி வெளியே வந்து டீச்சரைத் தேடினார். டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். "தெரியும் அண்ணாச்சி, எனக்குக் கேட்டுருச்சு" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினார் மரகதவல்லி.

அன்றைக்குச் சாயங்காலம் உச்சிமாகாளி வீட்டில், கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவேயிருந்த இடத்தில் இரண்டு பாய் விரித்தார். "நீயும் வா."

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? எனக்கு ஒரு வலியும் இல்ல."

"வலியில்லன்னா சும்மா படு. நான் படுக்கேன்லா, துணைக்குப் படு."

பேச்சியம்மாள் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் படுத்தாள். அவர் சொன்னபடி கைகளைத் தலைக்கு மேலே நீட்டினாள், மூச்சை விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியளா" என்று அவள் சிரிக்கப் போனபோது, அவளுடைய இரண்டு தோள்களும் ஒன்றாக, புதுப்பெண்ணின் குரலில், "ஒருநாளாவது இவரு பஸ்ல ஏறி மலைக்குப் போகணும்" என்றன.

உச்சிமாகாளி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸில், இவள் ஒருநாளும் ஏறியதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பேச்சியம்மாள் வெட்கத்தில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஞானதிரவியம் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்து, "மதினி, வளைவுல கம்பியப் பிடிச்சுக்கிடுங்க" என்றார். பஸ் ஏறியது. ஊர் சின்னதாகிக் குளங்களெல்லாம் கைக்கண்ணாடிகளாயின, மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து சீட்டில் உட்கார்ந்து இறங்கிப் போனது, ஒவ்வொரு வளைவிலும் உச்சிமாகாளி எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவதையும், ஸ்டியரிங்கை ஒடிக்கும் கைகள் அவசரப்படாமல் ஒடிப்பதையும், முதுகு நேராக இருப்பதையும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, குளிருக்கு முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் அவரோடு நின்றாள்.

"ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"நல்லா ஓட்டுதிய." அவள் மூச்சை இழுத்து விட்டாள், அது வெள்ளையாகப் புகைந்து போனது. "இது தோளுக்குள்ள போயி உக்காருறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."